இழை தெரிந்த பானெட்

ஒரகடத்துக் கார் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் பெயின்ட் பரிசோதித்தவன் நம்பிராஜன். விளக்கு வெளிச்சம் காரின் மேல் எங்கே நெளிகிறதோ அங்கே குறை என்று கண்டுபிடித்து வட்டம் போடுவான். வேலையை விட்டுப் பென்னலூரில் பாலிஷ் கடை போட்ட பிறகும் அந்தக் கண் மாறவில்லை.

பழைய கார்கள் சேர்க்கும் அண்ணாதுரை, கண்காட்சிக்காக இரண்டு கார்களைக் கழுவித் துடைக்க அனுப்பியிருந்தார். வேலை பிடித்துப்போனால் அவர் ஷெட்டில் நிற்கும் பதினோரு கார்களும் இனி நம்பிராஜன் பொறுப்பு.

ஜெர்மனியின் வெள்ளிநிற போர்ஷே 959, இத்தாலியின் சிவப்பு ஃபெராரி எஃப்40. ஒரே காலத்தில் பிறந்த போட்டிக்காரர்கள். இரண்டிலும், இன்ஜினுக்குள் காற்றைத் திணித்து வேகம் கூட்டும் டர்போ இரண்டிரண்டு. ஜெர்மன் காரில் ஒன்று முதலில் சுழலும், மற்றது பிறகு கைகொடுக்கும்; அந்த விசையை நான்கு சக்கரங்களுக்கும் கம்ப்யூட்டர் பிரித்துக் கொடுக்கும். இத்தாலிக் காரில் இரண்டும் சேர்ந்தே விழித்து, பின்சக்கரங்களை மட்டும் உதைத்துத் தள்ளும்.

"இன்னாண்ணா, இம்மாம் வெல வண்டில கதவத் தொறக்க கயிறு கட்டிகீறான்? கீழ கார்பெட்டும் இல்ல," என்றாள் ஃபெராரியின் உள்ளே துடைத்துக்கொண்டிருந்த கடை உதவியாள் சத்யப்பிரியா.

"எடை கொறையணும்லா. வேகம்தான் அவனுக்குக் கணக்கு."

இவ்வளவு தெரிந்தவன்தான் ஃபெராரியின் முன்பக்க மூடியான பானெட்டில் கோட்டைவிட்டான். சிவப்புக்கு அடியில் கார்பன் இழை பாய் பின்னியதுபோல் தெரிந்தது. ஜெர்மன் கார் கண்ணாடியாக நின்றது.

"எவனோ பெயின்ட்ட மிச்சம் புடிச்சிருக்கான்."

"சாராண்ட ஒரு வார்த்த கேட்டியாண்ணா?"

"இதுக்கெல்லாமா கேப்பாவ? பாத்து அசந்துருவாரு."

தேய்த்தான், இரண்டு பூச்சு சிவப்புப் பெயின்ட் அடித்தான். இழை மறைந்தது.

மறுநாள் காலை அண்ணாதுரை பானெட்டின் முன் குனிந்து வெகுநேரம் நின்றார்.

"இழை எங்க நம்பி?"

"மூடிட்டேன் சார்."

"அது தெரியணும்யா. பெயின்ட்டோட எடைகூட வேணாம்னுதான் ஃபெராரிக்காரன் அவ்ளோ மெல்லிசா அடிச்சான். இந்தக் கார்ல எல்லாரும் மொதல்ல குனிஞ்சு தேடுறதே அதத்தான்." அவர் குரல் உயரவில்லை. "நீ அடிச்சத மட்டும் எடுத்துட்டா பழைய பெயின்ட் வந்துருமா?"

வரும் என்று பொய் சொல்லலாம். மறுபடி தேய்த்து, ஒற்றை மெல்லிய பூச்சு கொடுத்தால் இழை எட்டிப் பார்க்கும்.

"வராது சார். புதுசு ஒட்டணும்னா பழசச் சொரசொரப்பாக்கணும். அந்த மெல்லிசு அப்பவே போயிருச்சு."

அண்ணாதுரை தலையாட்டினார். இரண்டு சாவிகளையும் வாங்கிக்கொண்டார். பதினோரு கார்களைப் பற்றி அவரும் பேசவில்லை, இவனும் கேட்கவில்லை.

கார்களை ஏற்றிய லாரி நெடுஞ்சாலையில் திரும்பிய பிறகு சத்யப்பிரியா கேட்டாள்: "வரும்னு சொல்லியிருந்தா அவருக்குத் தெரிஞ்சிருக்குமாண்ணா?"

"தெரிஞ்சிருக்காது," என்றான் நம்பிராஜன். துடைத்த துணிகளை வாளியில் போட்டுவிட்டுச் சொன்னான், "ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்."