மேசைமேல் தண்ணீர்

லாண்டரியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மற்ற நாட்களில் ஆவி பறக்கும் வேலை. நாள் முழுவதற்கும் ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அந்தக் கறாரை மனைவி தன் கையில் எடுத்துக்கொண்டாள். மேசையில் இருந்த தண்ணீர் ஜக்கை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். தனக்குத் தாகம் எடுத்தால் பக்கத்து வீட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தாள்.

"வீட்டோட ஒரு ஜெயிலர் இருக்காங்க. சம்பளம்தான் குடுக்கல" என்று அவர் லாண்டரியில் சொல்லிச் சிரிப்பார்.

கோடையில் ஒரு மத்தியானம், அவள் கடைக்குப் போயிருந்த நேரம், குளியலறைக் குழாயில் வாய் வைத்து வயிறு முட்டக் குடித்தார். பொழுது சாய்வதற்குள் மூச்சு இழுத்தது. படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது.

மூச்சு சீரானபின் கட்டிலருகே அவள் கேட்டாள்: "இனிமே குளியலறையையும் பூட்டணுமாங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார். அவள் நிஜமாகவே கேட்டாள்.

"எதையும் பூட்டாதம்மா. சாவி உங்கிட்ட இருக்கிறவரைக்கும் உன்னை எப்படி ஏமாத்தலாம்னுதான் புத்தி போகுது. தாகத்தோட நான் ஒரு நாளும் நேருக்கு நேர் நின்னதே இல்ல."

"நின்னு தோத்துட்டீங்கன்னா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் ஜக்கு மேசைக்கு வந்தது. தனக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"குடி. நான் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்."

குடித்தாள். அவர் தொண்டை ஏறி இறங்கியது. எழுந்து போய் வாயை மட்டும் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

எல்லா நாளும் ஜெயிக்கவில்லை. சில நாள் அவரே வந்து சொல்வார்: "இன்னைக்கு ரெண்டு வாய் கூடப் போயிடுச்சு." அவள் திட்டமாட்டாள், ஆனால் முகம் இருண்டுவிடும். மறுநாள் பாட்டிலின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைப்பார். ஆஸ்பத்திரியில் உடம்பில் எவ்வளவு தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று எடை பார்க்கும் நர்ஸ், "பரவாயில்லையே" என்று முணுமுணுக்கத் தொடங்கினாள்.

மனைவிக்குத்தான் நாளாயிற்று. குழாய்ச் சத்தம் கேட்டால் எழுந்து ஓடாமல், கண்ணை மூடிக்கொண்டு அப்படியே படுத்திருக்க அவளும் பழக வேண்டியிருந்தது.