மொட்டைமாடியில் காய்ந்த கம்பளி

விசா கைக்கு வரும்வரை தெருவில் ஒருத்தரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று அனுசியா முடிவுகட்டியிருந்தாள். பின்லாந்தில் மகள் சிவரஞ்சனிக்கு மே மாதம் தலைப்பிரசவம். வலி எடுக்கும்போது அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். ஊர்க்கண் பட்டுக் காரியம் கெட்டுவிட்டால்?

அதனால் பக்கத்து வீட்டு நூர்பானுவிடம்கூடச் சொல்லவில்லை. இருபது வருஷப் பழக்கம். குழம்புக் கிண்ணம் சுவர் தாண்டாத நாளில்லை. ஸ்வீடனில் இருக்கும் மகன் நிஜாமை இதே மாதிரி விசா எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் வேறு. ஏப்ரலில் அனுசியாவும் கணவர் சங்கரலிங்கமும் சென்னை விசா மையத்துக்குக் கிளம்பியபோது நூர்பானு வாசலில் நின்றாள்.

"எங்கிட்டு, பெட்டியோட?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு விசேஷ வீடுக்கா."

"அரைமணி நேரத்து ஊருக்கு இம்புட்டுப் பெரிய பெட்டியா? சரி, போயிட்டு வாங்க."

சென்னையில் காப்பீடு, மகளின் அழைப்புக் கடிதம், வங்கிக் காகிதம் எல்லாம் சரியாகவே இருந்தன. மையத்துப் பெண் பாஸ்போர்ட்டில்தான் நின்றாள்.

"ஜூலை கடைசியில திரும்புறீங்க. அதுக்கப்புறம் மூணு மாசமாவது பாஸ்போர்ட் செல்லணும்மா. இது செப்டம்பர்ல முடியுது. புதுப்பிச்சிட்டு வாங்க."

"நூர்பானுட்ட கேப்போம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார் சங்கரலிங்கம். அனுசியா பாஸ்போர்ட்டைப் பைக்குள் திணித்தாள்.

புதுப் பாஸ்போர்ட் வர மே பிறந்துவிட்டது. மையத்தில் மறுபடி நாள் கிடைத்தது ஜூன் இருபதுக்கு. மே பதினெட்டில் வலி எடுத்தது. மருமகன் வீடியோ அழைப்பில் போனை மகளின் முகத்துக்கு நேரே காட்டினான். "அம்மா" என்றாள் சிவரஞ்சனி. அதோடு அழைப்பு அறுந்துபோனது.

மறுநாள் அனுசியா பால்கோவாவோடு நூர்பானு வீட்டுக்குப் போய், பேத்தி பிறந்ததையும் மறைத்ததையும் சேர்த்தே சொன்னாள். நூர்பானு இனிப்பை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அந்த மூணு மாசக் கணக்குல நானும் மாட்டுனவதாண்டி. ஒரு வார்த்தை கேட்டிருந்தா தை மாசமே மாத்தியிருக்கலாம்."

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு இருந்துட்டேன்க்கா."

"தெரியாமயா? பங்குனி வெயில்ல ஒன் மொட்டைமாடியில கம்பளிப் பனியன் காயுது. ராஜபாளையத்துல அத யாரு உடுத்தப் போறா?"

அனுசியா நிமிர்ந்தாள். "பொறவு ஏன்க்கா அந்த மூணு மாசக் கணக்க நீங்க சொல்லல?"

நூர்பானு கையிலிருந்த இனிப்பைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

"நீயா சொல்லட்டும்னு இருந்தேன். இருபது வருசம் பழகியும் என் கண்ணுக்குப் பயந்துட்டாளேன்னு ஒரு கோவம். அத விட்டுத் தொலைச்சிருந்தா நீ இப்ப மக பக்கத்துல இருந்திருப்ப."

பிறகு நூர்பானுவே கேட்டாள்: "பெட்டியில என்ன வச்சிருக்க? பால்கோவா கொண்டு போயிராத. பால் சாமான அங்க ஏர்போர்ட்லயே வாங்கி வச்சுக்கிடுவாவ."

"பிரசவ லேகியம் கிண்டி வச்சிருக்கேன்க்கா."

சொல்லும்போதே அனுசியாவுக்குத் தெரிந்தது. விசா வந்து போய்ச் சேர ஆடி ஆகிவிடும். லேகியம் பச்சை உடம்புக்கு; அதற்குள் பிரசவம் முடிந்து இரண்டு மாசம் ஓடியிருக்கும்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். லேகிய டப்பாவை எடுத்து வெளியே வைத்துவிட்டு, கம்பளிப் பனியனை மட்டும் மடித்து உள்ளே வைத்தாள்.