சூடு பார்த்த கை

பண்ணைக்காரருக்கு அவன் தரவேண்டிய பாக்கி முப்பத்து நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது. மனைவி பக்கவாதத்தில் விழுந்த வாரம் ஆஸ்பத்திரிக்குக் கட்ட வாங்கியது. ரொக்கமாகத் திருப்ப அவனுக்கு வக்கில்லை என்று அவருக்கும் தெரியும். உரமாகப் போடு, மூட்டைக்கு நூற்றைம்பது கழித்துக்கொள்கிறேன் என்றுவிட்டார். அவருடையது நாற்றுப்பண்ணை.

உரம் என்றால் சந்தைக் கழிவுதான். அழுகின தக்காளி, முட்டைக்கோஸ் இலை, பப்பாளித் தோல் எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் சருகோடு அடுக்கடுக்காகப் போட்டு, வாரம் ஒருமுறை கிளறிவிடுவான். உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும். அந்தச் சூடு முழுசாக அடங்கினால்தான் உரம். அடங்காமல் போட்டால் நாற்று வேரோடு கருகிவிடும்.

அடங்கிவிட்டதா என்று சொல்வது, படுக்கையில் விழும்வரை, மனைவியின் வேலை. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன அவன் உள்ளங்கைக்குச் சூடும் ஒன்றுதான், குளிரும் ஒன்றுதான். அவள் வலது கையை முழங்கைவரை குவியலுக்குள் விட்டு, கண்ணை மூடி, காய்ச்சல் பார்க்கிற நர்சு மாதிரி மிடுக்காக, "இன்னும் பத்து நாள்" என்பாள். ஒருநாள் முன்னே பின்னே ஆனதில்லை.

இந்த முறை ஆவி நின்றதும், நடுக்குவியலிலிருந்து ஒரு கூடை அள்ளி அவள் படுக்கைக்கே கொண்டுபோனான். மூன்று மாதமாகச் சுவரைப் பார்த்துக் கிடந்தவள் கூடையைக் கண்டதும் முகம் தெளிந்தாள். பழக்கதோஷத்தில் அவன் எடுத்துப் புதைத்தது அந்த வலது கையைத்தான். மரத்து விழுந்துபோன கை. அவளும் கண்ணை மூடினாள்.

"ஆறிடுச்சுங்க," என்றாள்.

முப்பது மூட்டை போயிற்று.

ஐந்தாம் நாள் பண்ணைக்காரர் வாசலில் வந்து நின்றார். கையிலிருந்த தட்டில் மிளகாய் நாற்று, தண்டு கருகித் தலை தொங்கிக் கிடந்தது. மொத்தப் பண்ணையும் இப்படித்தான் என்றார். அவர் கத்தியிருந்தால்கூட இவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"உன் பொண்டாட்டி கை இருக்கறப்ப தெர்மாமீட்டர் எதுக்குன்னு ஊர்பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன் பாரு, என்னைச் சொல்லணும்."

பண்ணையில் கூலியில்லாமல் உழைத்துக் கழிக்கிறேன் என்று இவன் கெஞ்சிப் பார்த்தான்.

"வேணாம்பா. பாக்கி கீக்கி ஒண்ணும் கிடையாது. உன் உரமும் வேணாம், நீயும் வர வேணாம். மத்த பண்ணைக்காரங்க கிட்டயும் சொல்லிட்டேன்."

அவர் போனபின் உள்ளே வந்தான். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"நீங்க அந்தக் கையை எடுக்கறப்பவே நான் சொல்லியிருக்கணும். கூடையைப் பார்த்ததும் வாய் வரலைங்க."

"நான்தானே எடுத்தேன்," என்றான். பிறகு, "கடன் தீர்ந்துடுச்சு," என்றான்.

பின்பக்கம் போனான். காலையில் தள்ளிவந்த வண்டி இறக்காமல் நின்று சாறு ஒழுக்கிக்கொண்டிருந்தது. மிச்சக் குவியலுக்கு முன்னால் மண்டிபோட்டுச் சட்டைக்கையைச் சுருட்டி, அவளைப் போலவே கையை உள்ளே விட்டான். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்கைக்கும் தெரியவில்லை. இன்னும் தள்ளினான். முழங்கை மடிப்பில், காய்ப்பு ஏறாத அந்த இடத்தில், மெதுவாகச் சுட்டது. கையை எடுக்காமல் அப்படியே இருந்தான்.