இரவல் அளவு

தையல்காரிக்கு இரண்டு வாரமாக ஒரு தையலும் நேராக விழவில்லை. எல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதம் செய்த வேலை. ‘நெருங்கிய உறவில் இருவருக்கு மார்பகப் புற்றுநோய். உங்களுக்கும் வாய்ப்பு அதிகம் இருக்கலாம். ஆலோசனைக்கு வரவும்.’

தன்னோடு போகும் என்றால் பல்லைக் கடித்துக்கொள்வாள். மகளுக்கும் போகுமாமே! பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் இதை எந்த வாயால் சொல்வது?

“மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க அண்ணி. டாக்டரம்மா கடிச்சா தின்னுடுவாங்க?” என்று நாத்தனார்தான் இழுத்து வந்திருந்தாள்.

டாக்டரம்மா தாளில் ஒரு வட்டம் போட்டார். “இது நீங்க. மேல உங்க அம்மா. பக்கத்துல அம்மாவோட அக்கா, தங்கச்சி. அவங்க ரெண்டு பேருக்கும்...”

“எங்கம்மா ஒரே பொண்ணாச்சே.”

பேனா நின்றது. “போன தடவை நிரப்பிக் குடுத்த பாரத்துல பெரியம்மா, சித்தின்னு எழுதியிருக்கீங்களே?”

“ஆமா. பெரியப்பா சம்சாரம் பெரியம்மா. சித்தப்பா சம்சாரம் சித்தி. பெரியம்மாதான் என்னைத் தூக்கி வளர்த்தது. என் மூக்குகூட அவங்க மூக்குன்னு சொல்வாங்க.”

டாக்டரம்மா நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். “இதுல பெரியம்மான்னு இல்ல டாக்டர். அம்மாவின் அக்கான்னுதான் இருந்துது. அதையே அமுக்கிட்டேன்.”

“அடுத்தவங்க அளவுல எனக்குச் சட்டை தச்சுட்டியேம்மா,” என்றாள் தையல்காரி. நாத்தனார் சிரித்துவிட்டாள்.

டாக்டரம்மா விடவில்லை. “கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தவங்க மூலமா பரம்பரையா வராது. ஆனா அப்பா வழி ரத்தமும் கணக்குதான். அத்தை, அப்பாவைப் பெத்தவங்க, யாருக்காவது மார்பகத்துலயோ சினைப்பையிலயோ?”

“யாருக்கும் இல்ல. அத்தைக்கு எழுபது. இன்னும் தெருவையே ரெண்டு பண்றாங்க.”

வயதுக்கு வந்தது எப்போது, முதல் பிரசவம் எப்போது, பால் கொடுத்தது எத்தனை மாதம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். “எடையை மட்டும் கொஞ்சம் குறைங்க. மத்தபடி பொதுவா எல்லாருக்கும் இருக்கற அளவுதான் உங்களுக்கும். அதுக்காக வரவே வராதுன்னு நினைக்காதீங்க. குடும்பத்துல யாருக்கும் இல்லாதவங்களுக்குத்தான் நிறைய வருது. வயசுக்கு உண்டான மேமோகிராமைத் தள்ளிப் போடாதீங்க. கட்டி கிட்டி தட்டுப்பட்டா உடனே வரணும்.”

“என் பொண்ணுக்கு?”

“இப்போ ஒரு சோதனையும் வேண்டாம். படிக்கட்டும்.”

வெளியே வந்ததும் சுவரோரம் சாய்ந்து மூச்சு விட்டாள். உடனே ஒரு சின்ன உறுத்தல். பெரியம்மா ரத்தம் இல்லை என்றதும் இப்படிக் குளிர்ந்துவிட்டதே மனசு. தாங்காமல் பெரியம்மாவுக்கே போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள்.

ஆபரேஷன் முடிந்து எட்டு வருஷமாக நடமாடிக்கொண்டிருக்கும் பெரியம்மா பொறுமையாகக் கேட்டாள். “நல்லதாப் போச்சு. அப்போ அந்த மூக்கும் என்னுது இல்லையா?”

“மூக்கு உங்களுதுதான் பெரியம்மா. அதுல மாத்தமில்ல.”