காசு கொடுத்து வாங்கிய ஓசி

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக எனக்கு ஓசியில் கிடைத்தது. எடுத்தது தப்பில்லை. அந்த வீட்டுக் கணினி நிரலாளரே, தான் எழுதிய நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் திறந்துபோட்டிருப்பவர்.

மென்பொருள் உலகில் இரண்டு பொருளாதாரங்கள் உண்டு, முதலாவது... (கொட்டாவி விடுகிறீர்கள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

2

வீடு மனைவியின் சம்பளத்தில் ஓடுகிறது. அன்று காலை நிரலாளருக்கு ஒரு பெரிய நிறுவனம் எழுதியிருந்தது: நல்ல வேலை தருகிறோம், ஆனால் இனி உங்கள் நிரலைப் பூட்டிவிட வேண்டும், யாருக்கும் இலவசம் கிடையாது. சாயங்காலத்துக்குள் பதில் வேண்டுமாம். அவர் மனைவியிடம் மூச்சுவிடவில்லை.

3

முன்னறையில் மனைவி அலுவலக வேலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அலுவலகம் காசைக் கொட்டி வாங்கிய மென்பொருள் தேதிகளைத் தாறுமாறாகக் காட்டியது. அதை விற்ற நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தாள்.

"எங்க நிபுணர் குழு உடனே பாத்துடும், மேடம்."

சற்று நேரத்தில் பின்னறையில் நிரலாளரின் கணினியில் ஒரு செய்தி வந்து விழுந்தது: 'தேதி தப்பாக வருகிறது. அவசரம்.' அனுப்பியது காலையில் வேலை தருவதாகச் சொன்ன அதே நிறுவனம்; மனைவி காய்ச்சி எடுத்ததும் அதைத்தான். அவருடைய ஓசி நிரல்தான் அந்த விலையுயர்ந்த மென்பொருளுக்குள் உட்கார்ந்திருந்தது. நிபுணர் குழு அன்று இன்னும் குளிக்கவில்லை. (இது ஜன்னலில் தெரியாது. இட்டுக்கட்டியது.)

அவர் ஒரு வரியைத் திருத்தினார். நிறுவனம் அதை அப்படியே எடுத்து அவளுக்கு அனுப்பியது.

"பாத்தீங்களா! காசு குடுத்து வாங்கினா கூப்பிட்ட உடனே வேலை நடக்குது. உங்களுது மாதிரி ஓசியா என்ன?" என்று அவள் பின்னறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

4

இந்த இடத்தில் அவரைத் தியாகியாக்கிக் கண்ணீர்... (எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தவிர, நான் இதைத் தட்டும் எழுத்துச் செயலியும் அவர் நிரலில்தான் ஓடுகிறது. அவர் பூட்டினால் எனக்கு நஷ்டம். என் தீர்ப்பை நம்பாதீர்கள்.)

அவர் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், வேலைக் கடிதம் உட்பட.

"அப்ப நான் காலையிலேருந்து திட்டினது உங்களையா?" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஊருக்கெல்லாம் கூப்பிட்ட உடனே ஓடுறீங்க. எனக்கு முடியலைன்னா நான் எந்த நம்பருக்குக் கூப்பிடறது?"

அவர் வாயைத் திறப்பதற்குள் யாரோ ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

5

ஆகவே முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவரைக் கையெழுத்துப் போட வைக்கலாம், போடாமல் தடுக்கலாம், இந்தக் கதையையே உங்கள் கதை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். நிபந்தனை ஒன்றுதான்: அவள் கேட்டதற்குப் பதில் சொல்லாத முடிவு செல்லாது.