ஆரு வாராங்கன்னு சொல்லோணும்

எனக்குக் கோவம் வந்தா வாய் நிக்காதுங்க. அதுக்காகப் புள்ளைங்களை ஒரு சொல்லு அதட்டுனதில்லை. போத்தனூர்ல நஞ்சம்மா ஊட்டுல உட்டாப் புள்ளை பத்திரமா இருக்கும்னு பேரு. வேலைக்குப் போற பொம்பளைங்க காத்தால கொண்டாந்து உட்டுப்போட்டு, பொழுதோட கூட்டிக்கிட்டுப் போவாங்க.

அதுல ஒருத்திதான் கயல்விழி. டவுன்ல ஒரு ஆஸ்பத்திரில நர்சு. புருசன் சரவணனுக்கு லேத்துப் பட்டறைல வேலை. மக மோகனப்பிரியாவுக்கு ரெண்டு வயசு முடியலை. என்னைய 'நஞ்சு'ன்னுதான் கூப்புடுவா. விசத்தைக் கூப்புடற மாதிரி இருக்குதுன்னு தெருவே சிரிக்கும். எனக்கு அது தேனாட்ட இருக்கும்.

ஆஸ்பத்திரில நெனைச்சா டூட்டிய மாத்திப்போடுவாங்க. சேதி சொல்றதுக்கு எங்கிட்ட ஏது போனு? எதுத்த மளிகைக்கடை ஐயாசாமியண்ணனுக்குத்தான் பேசுவா. அவரு கடை வாசல்ல நின்னபடியே எனக்குக் கத்திச் சொல்லுவாரு.

அன்னைக்கு மத்தியானம், கயலு வாரேன்னு சொல்லுச்சுன்னு கத்துனாரு. எனக்கு ஒரே சந்தோசம். பல்லடத்துல என்ற தம்பி ஊட்டுச் சீருக்குப் பொழுதுக்குள்ள போகோணும். மத்த புள்ளைங்களை அன்னைக்கு நேரமே கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. இவ சீக்கிரமே வாரான்னா பஸ் ஸ்டாப்புலயே புள்ளையக் குடுத்துட்டு அப்படியே பஸ் ஏறிக்கலாம்னு, புள்ளைக்குக் கவுனை மாத்தி, ஊட்டைப் பூட்டிப்போட்டுக் கெளம்பிட்டேன்.

பஸ்ஸு வருது, பஸ்ஸு போகுது, கயலைக் காணோம். புள்ளை தோள்லயே தூங்கிப்போச்சு. எனக்குக் கோவம் ஏறிக்கிட்டே போச்சு. வரட்டும் இவ, நல்லாக் கேக்கறேன்னு நின்னேன்.

அங்க நடந்தது அப்பறந்தான் தெரிஞ்சுது. சரவணன் புள்ளையக் கூட்டிக்க வந்திருக்கறாரு. ஊடு பூட்டிக் கெடக்குது. ஐயாசாமியண்ணனும் கடையச் சாத்திட்டுச் சோறு திங்கப் போயிட்டாரு. அக்கம்பக்கத்துல ஆருக்கும் தெரியலை. தண்டவாளம் கிட்டத்துலதானுங்களே, மனுசன் அதோரமா மகளைக் கூப்புட்டுக்கிட்டே ஓடியிருக்கறாரு. அப்பறம் பூத்துல இருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணியிருக்கறாரு. கயலு யூனிபாரத்தோட ஆட்டோல வந்தவ, பஸ் ஸ்டாப்புல என்னையப் பாத்ததும் குதிச்செறங்கி, புள்ளையப் புடுங்கிக்கிட்டு அழுதா. திட்டறதுக்குன்னு நின்ன நான், அவ கண்ணைத் தொடைச்சு உட்டேன்.

என்ற ஊட்டுக்கு வந்ததும், அங்க நின்ன சரவணன் புள்ளையோட துணிமணியப் பையில எடுத்துப் போடச் சொல்லிட்டாரு. கோபியில இருக்கற அவங்கக்கா ஊட்டுல உட்டுப்போடலாம், வாரத்துக்கு ஒருக்காப் போய்ப் பாத்துக்கலாம்ங்கறாரு. கயலு துணிய மடிச்சா. மடிச்சதையே திரும்பவும் மடிச்சா.

அப்பத்தான் ஐயாசாமியண்ணன் ஓடியாந்தாரு. கயலு வாரேன்னுதான் சொல்லுச்சுன்னு சத்தியம் பண்ணுனாரு. அவளோ, இன்னொரு டூட்டியும் பாக்கச் சொல்லிட்டாங்க, புள்ளைய அவங்கப்பா வந்து கூட்டிக்குவாருன்னு தெளிவாச் சொன்னேனேங்கறா. துருவிக் கேட்டா, கூட்ஸ் வண்டி போன சத்தத்துல முன்னாடி சொன்னது ஒண்ணும் அவரு காதுல உழுகலை. கடைசில 'வாரேனுங்க'ங்கறது மட்டுந்தான் உழுந்திருக்குது.

"அது போனை வெக்கறதுக்குச் சொன்னதுங்ணா"ன்னா கயலு. "பின்ன, போறேனுங்கன்னா சொல்லுவாங்க?"

நாந்தான் முதல்ல சிரிச்சேன். சிரிச்சு முடிக்கறதுக்குள்ள அழுகை வந்துபோச்சு. சரவணன் மட்டும் சிரிக்கலை. இன்னைக்கு இது, நாளைக்கு வேற என்னமோன்னு பையத் தூக்கிட்டாரு.

"ஏனுங் தம்பி, எம்மேல தப்புன்னா நிக்க வெச்சுத் திட்டுங்க, கேட்டுக்கறேன். ஒரு வார்த்தைக்காகப் பெத்தவகிட்ட இருந்து புள்ளையப் பிரிக்காதீங்க. அவ இல்லீன்னா எனக்கும் ஊடு ஊடாவே இருக்காது"ன்னேன்.

கயலு அவரு கைல இருந்து பைய வாங்கிக் கீழ வெச்சா. இனி சேதிய ஆருகிட்டயும் சொல்லி உடறதில்லைன்னா. அண்ணன் என்னையக் கூப்புட்டுப் போனைக் கைல குடுக்கோணும். ஆரு வாராங்கன்னு அவ சொல்லோணும், நான் அதைத் திருப்பிச் சொல்லோணும். அப்படிச் சொல்லாம ஆரு வந்து நின்னாலும் புள்ளையக் குடுக்கக் கூடாது.

"அப்பனே வந்தாலுமா?"ன்னாரு சரவணன்.

"ஆமாங்க"ன்னா.

மனுசன் ஒரு வாரம் பாக்கலாம்னு மட்டும் சொல்லிட்டுப் போனாரு. சீரு போச்சு போங்க. தம்பி பொண்டாட்டி எங்கூட மூஞ்சி குடுத்தே பேசறதில்லை.

அந்த வாரம் முடியறப்போ ஒரு நாள் சரவணன் வந்து நின்னாரு. கயலு போன் பண்ணலை. குடுக்காட்டிக் கோவத்துல கோபிக்கே கொண்டுபோயிருவாரு. குடுத்துட்டா, பேசுன பேச்சு என்னாவறது? தப்பா நெனைச்சுக்காதீங்க தம்பி, கயலு சொல்லலீங்க, குடுக்க மாட்டேன்னு சொல்லிப்போட்டேன். புள்ளை அப்பான்னு கைய நீட்டுது. நான் இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன்.

அவரு என்னையவே பாத்தாரு. அப்பறம் எதுத்த கடைக்குப் போயிப் போனைச் சுத்துனாரு. என்னையக் கூப்புட்டுக் கைல குடுத்தாரு. மறந்தே போயிட்டேனுங்க்கா, இன்னைக்கு அவருதான் வாராருன்னா கயலு. அவருதான் வாராருன்னு நானும் திருப்பிச் சொன்னேன்.

புள்ளைய வாங்கி வண்டில முன்னாடி நிக்க வெச்சவரு, கெளம்பாம நின்னாரு.

"நாளைக்குப் பட்டறைல வெள்ளனவே வேலைங்க்கா. ஆறு மணிக்கே கொண்டாந்து உட்டாப் பாத்துக்குவீங்களா?"

"அஞ்சுக்கே உடுங்க தம்பி"ன்னேன்.