கால் ஊன்றாதீர்கள்

1
ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் பயத்தில் பிறந்தது. இந்த ஹவாய்க் குடாவில் பதினோரு வருடமாக ஒலிபெருக்கியும் கையுமாக நிற்கிறேன். பவளத்தின் மேல் கால் ஊன்றாதீர்கள் என்று கத்துவதுதான் வேலை. ஒரு நாள் யாராவது அதை அப்படியே கேட்டுத் தொலைத்தால்?

2
'காலைச் சூரியன் குடாவின் மீது—' வேண்டாம். சூரியனுக்கு இங்கே வேலையில்லை.

இவலானி என்று ஒருத்தியை என் இடத்தில் நிறுத்துகிறேன். என்னைவிடக் கறாரானவள். குளிக்க வருகிறவர்களை உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டி, பவளம் கல்லல்ல, உயிர் என்று சொல்லித்தான் கடலில் இறங்க விடுவாள். கடல் காவலன் நைனோவா அவளைச் சீண்டிக்கொண்டே இருப்பான்.

"கல்லுக்கு இவ்ளோ பரிஞ்சு பேசுறீங்களே ஆன்ட்டி, நான் முழுகினா யாரு கத்துவா?"

"உனக்கு நீச்சல் தெரியும்டா. அதுக்கு ஓடக்கூடத் தெரியாது."

(இந்தப் பதிலை எழுதியதும் எனக்கே அவளைப் பிடித்துப்போயிற்று. அதனால்தான் அடுத்ததை எழுத மனம் வரவில்லை.)

3
நீச்சல் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு நூறு பேர் குப்புற மிதக்கிறார்கள். ஒருவருக்குக் குழாயில் தண்ணீர் புகுந்துவிட்டது. தடுமாறி, கீழே இருந்த பவளத்திட்டில் காலை இறக்கப் போனார். பழக்க தோஷம், இவலானி கத்திவிட்டாள்: "நிக்காதீங்க!"

படத்தை ஒழுங்காகப் பார்த்த மனிதர் போலிருக்கிறது. காலைத் தூக்கிக்கொண்டார்.

தலை முழுகி எழுந்தது. மறுபடி முழுகியது. நைனோவா மீட்புப் பலகையோடு பாய்ந்துவிட்டான், ஆனால் குடாவின் மறுகோடியிலிருந்து வரவேண்டும்.

'நில்லுங்க' என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அவரை மட்டும் கூப்பிட அவர் பெயர் இவளுக்குத் தெரியாது. நூறு பேர் காதிலும் விழும். சுறாவோ என்று மிரண்டு நூறு பேரும் கால் ஊன்றுவார்கள்.

4
முதல் முடிவு: கத்துகிறாள். அவர் நிற்கிறார், இருமுகிறார், பிழைக்கிறார். சுற்றிலும் இருநூறு கால்கள் இறங்குகின்றன. நொறுங்கும் சத்தம் கரைவரை கேட்காது. இவளுக்குக் கேட்கிறது.

இரண்டாவது: வாயை மூடிக்கொள்கிறாள். நைனோவா வந்து சேர்வதற்குள் அவர்—

(எழுத மாட்டேன்.)

மனித உயிரைவிடவா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிறீர்கள். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அவள் யோசித்துவிட்டாள். யோசிக்கவைத்தது நான். இரண்டு முடிவு எழுதிப் பார்க்கும் நேரம் அவளை வாயடைத்து நிற்கவைத்திருக்கிறேன். அவ்வளவு நேரமும் அவர் தண்ணீருக்குள்தான் இருக்கிறார். அதுதான் என் பயம்.

என்னால் முடியவில்லை. இந்தாருங்கள், ஒலிபெருக்கி. பொத்தான் உங்கள் கட்டைவிரலுக்கு அடியில்தான் இருக்கிறது. ஒரு கை மட்டும் இன்னும் வெளியே தெரிகிறது.